யோகலட்சுமியின் சிவப்பு மாத்திரைகள்

யோகலட்சுமியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். அவள் செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவள் நான். அதற்கு மேல் அவளைப் பற்றி யாரும் எதுவும் எழுதப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுகுணா. கிராம சுகாதார செவிலியர். எப்போதும்வென்றானிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் நாலு ஊருக்கும் சேர்த்து நான் ஒருத்தி. ஊர்ப் பெயர்கள் வேண்டாம், நாலும் கரிசலுக்கு நடுவில் கிடக்கிற சின்ன ஊர்கள். கர்ப்பம் தரித்ததைப் பதிவது, ரத்தம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, மாத்திரை கொடுப்பது, கொடுத்ததைத் தின்றார்களா என்று வீடு வீடாகப் போய்க் கத்துவது, இதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷக் கத்தல். "நர்ஸக்கா வாயில விழுததுக்குப் பதிலா ரெண்டு ஊசி கூடப் போட்டுக்கிடலாம்" என்று பெண்கள் பேசிக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாசமாய்ப் போன பெருமை.

யோகலட்சுமி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். அப்பா கண்ணுசாமிக்கு மூன்று ஏக்கர் மானாவாரி, மிளகாய்ச் சம்சாரி. மூன்று பெண்களில் இவள் கடைசி. பத்தாவது முடித்துவிட்டு, மிளகாய் பழுத்தால் பறிக்கவும் காய்ந்தால் காம்பு கிள்ளவும் போனாள். இருபத்தோரு வயதில் ஜெயகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு எழுபது உருப்படி செம்மறியும் நாலைந்து வெள்ளாடும் இருந்தன. கூட அவனுடைய தாய் ரெங்கம்மாள். வந்த ஆறே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த ஆடு கத்துகிறது என்று யோகலட்சுமி சொல்லிவிடுவாள். சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். எதையும் தூக்கிப் போடமாட்டாள். சோப்பு அட்டை, பஸ் டிக்கெட், கோயில் திருநீற்றுப் பொட்டலத் தாள் என்று எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். எதுக்குட்டி இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கட்டும்க்கா, கேட்டா காமிக்கலாம்லா" என்றாள். யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் கரு மூன்றாம் மாதம் கலைந்துபோனது. அடுத்தது தரித்துச் சித்திரை மாதம் என்னிடம் வந்தபோது விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தேன். எட்டு புள்ளி ஆறு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

"ஏட்டி, உடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல ரசம் ஓடுதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. பிள்ளை பிறக்குததுக்குள்ள பத்துக்கு மேல ஏறணும். ஏறலைன்னு வையி, பிரசவத்துல ஒரு சொம்பு ரத்தம் போனாக்கூட உன்னால தாங்க முடியாது. உசிரு போயிரும். புரியுதா?"

சிரிப்பு போய்விட்டது. "ஏத்திருவோம்க்கா. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்" என்றாள்.

என்ன செய்யணும்? பூச்சி மாத்திரை கொடுத்தேன். நாலாம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை. சிவப்பாக, மொச்சைப் பருப்பு அளவில், அட்டைக்குப் பத்து. முதலில் தினம் ஒன்று, ஆனியிலிருந்து காலை ஒன்று, சாயந்திரம் ஒன்று. "வெறும் வயித்துல போட்டுறாத, குமட்டும். எதையாவது உள்ள தள்ளிட்டுப் போடு" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான் அது. அடுத்தவளைக் கூப்பிட்டேன். வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆட்டுக்காரர் வீட்டில் அடுப்பு ரெண்டு தடவை எரியும். காலையில் டீக்கு, பொழுது அடைந்த பிறகு சோற்றுக்கு. காலை டீ என்றால் பால் கிடையாது. தேயிலையை நன்றாகச் சாயம் இறங்கக் கொதிக்கவிட்டுக் கருப்பட்டி போட்ட வரட்டீ. இவர்கள் காலைச் சாப்பாடே அதுதான், பெரிய டம்ளரில் ரெண்டு. மத்தியானம் ஆட்டுக்குப் பின்னால் காட்டில், தூக்குவாளியில் கொண்டுபோன பழைய சோறும் வெங்காயமும். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு சாயந்திரம் மறுபடி வரட்டீ. பிறகு ரேஷன் அரிசிச் சோறு, ஒரு புளிக்குழம்பு.

பின்பக்கம் முருங்கை மரம் ஒன்று ஆள் ஏறுகிற மாதிரி நின்றது. கீரை பறித்துத் தின்னச் சொன்னால் ரெங்கம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பொழுது அடைஞ்சப்புறம் கீரை ஆகுமா நர்ஸம்மா? அதுவும் மாசமா இருக்குதவளுக்கு?"

ராத்திரி கீரை கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ராத்திரி ஒருவேளைதான் சமையல் என்கிற வீட்டில், கீரையே கிடையாது என்று அர்த்தம். முருங்கை முழுக்க ஆட்டுக்குட்டிகளுக்குப் போனது. அவர்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் நாலு மரக்கால் பாசிப்பயறு விளைந்தது, அப்படியே மூட்டையோடு கோவில்பட்டிக்குப் போனது. கம்பு போட்ட நிலத்தில் இப்போது கோழித் தீவன மக்காச்சோளம்.

ரேஷன் அரிசிக் கதை இன்னும் மோசம். அரசாங்கம் அதில் சத்து சேர்த்த அரிசியைக் கலந்து கொடுக்கிறது. களைந்தால் அந்தச் சில அரிசி மட்டும் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று ஊரெல்லாம் பேச்சு. பிளாஸ்டிக் இல்லை, சத்து அரிசி என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். சரிக்கா, சரிக்கா என்பார்கள். நான் தெருமுனை திரும்பியதும் மிதக்கிறதை அள்ளிக் கோழிக்குப் போடுவார்கள். அந்த வீட்டுக் கோழிகளுக்கு ரத்தம் பிரமாதமாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு மாத்திரையை நம்பினேன். சோற்றை மாற்றுவது என்றால் வேளையை மாற்றணும், பழக்கத்தை மாற்றணும், மாமியாரிடம் மல்லுக்கட்டணும். மாத்திரை என்றால் கையில் கொடுத்துவிட்டு நோட்டில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. "ஒரு மாத்திரைக்குள்ள ரெண்டு கட்டுக் கீரை இருக்குட்டி" என்று நானே அளந்துவிடுவேன்.

எப்போதும்வென்றானில் செய்யது அலி அண்ணாச்சியின் கறிக்கடை இருக்கிறது. ஜெயகிருஷ்ணன் கிடாயெல்லாம் அவருக்குத்தான் கொடுப்பான். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க நின்றபோது அவர் சம்சாரம் பதருன்னிசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சுகுணா, கிருஷ்ணன் பொஞ்சாதி இப்படி வெளுத்துப் போயிருக்காளே. அவன்கூட கடைக்கு வந்தா, பாத்து எனக்குப் பகீர்னு ஆயிட்டு. ஒரு சுவரொட்டி எடுத்து வச்சிருக்கேன், போற வழியில குடுத்துட்டுப் போங்க. வாரம் ஒண்ணு சுட்டுத் தின்னா ரத்தம் ஊறும்."

ஆட்டின் மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்பது. ஆட்டையே வளர்க்கிற வீட்டில் அதைத் தின்று யாரும் பார்த்ததில்லை. ஆடு உயிரோடு வண்டி ஏறிப் போய்விடும்.

"அதெல்லாம் எதுக்குக்கா? மாத்திரை குடுத்திருக்கேன்ல. அதை ஒழுங்கா முழுங்கச் சொல்லுங்க, போதும்."

"மாத்திரையும் முழுங்கட்டும், இதையும் திங்கட்டுமே."

"வைத்தியம் நீங்க பாருங்க, நான் கறி வெட்டுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இலைப் பொட்டலத்தைக் கையோடு வாங்கிப் போயிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைப்பக்கம் போக எனக்குக் கூசுகிறது.

ஆடியில் ரத்தம் பார்த்தால் ஏழு புள்ளி எட்டு. ஏற வேண்டியது இறங்கியிருந்தது.

"மாத்திரை போடுதியா?"

"போடுதேன்க்கா. ஒரு வேளை விட்டதில்ல."

"வெளிய கருப்பாப் போகுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா" என்றாள்.

இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும். அவள் உண்மையைத்தான் சொன்னாள். நான்தான், எல்லாச் சிறுக்கிகளும் இப்படிப் பாடம் பண்ணி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் புத்தி சும்மா வரவில்லை. எத்தனை வீட்டுக் குப்பைக்குழியில் சிவப்பு மாத்திரையைக் கிளறி எடுத்திருக்கிறேன்! குமட்டுகிறது, பிள்ளை கறுத்துப் போகும், பிள்ளை பெருத்துப் போகும் என்று ஆளுக்கொரு சாக்கு. அவர்களையெல்லாம் பிடித்துப் பிடித்து, என் முன்னால் நிற்கிறவள் பொய்தான் சொல்வாள் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கே போய்க் குப்பைக்குழியைக் குச்சியால் கிளறினேன். ஒன்றும் அகப்படவில்லை. சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ரெங்கம்மாள் வரட்டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பிள்ளைகளின் அழுகை. யோகலட்சுமிக்கு ஏழாம் மாதம். குத்திப் பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்று.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. அவள் செத்துவிடுவாள் என்கிற பயம்தான், வேறென்ன. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏட்டி, உண்மையைச் சொல்லு. மாத்திரையை எங்கன கொண்டு போய்ப் புதைக்க?"

"சத்தியமா முழுங்குதேன்க்கா. நீங்க சொன்ன மாதிரிதான் போடுதேன்."

"முழுங்குனா ஏன் ஏறல? உனக்கு மட்டும் அரசாங்கம் சுண்ணாம்பு மாத்திரையா குடுத்திருக்கு?"

அவள் வயர்கூடைக்குள் கையை விட்டு அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். காலி அட்டைகளைக் காட்டத்தான். மூடியைத் திறக்கப் போனவளை நான் விடவில்லை.

"காலி அட்டையைக் காமிச்சு யாரை ஏமாத்துத? மாத்திரையைப் பிதுக்கி ஆட்டுக்குப் போட்டாலும் அட்டை காலியாத்தான் இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ஆட்டுக்காரி என்பதால் அந்தப் பேச்சுக்குக் கூடுதலாகச் சிரித்தார்கள். யோகலட்சுமி யார் முகத்தையும் பார்க்காமல் டப்பாவைக் கூடைக்குள் வைத்தாள். அவளுடைய கர்ப்பகாலப் பதிவு அட்டையை வாங்கி, சிவப்பு மையில் எழுதினேன். மாத்திரை உட்கொள்வதில்லை. ஒத்துழைப்பு இல்லை.

அந்த ஒரு வரிதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றச் சொல்லி அனுப்பினேன். நாலு தடவை போக வேண்டும். முதல் தடவை போனாள். அங்கே இருந்த டாக்டர் என் சிவப்பு வரியைப் படித்துவிட்டு, குடுக்கிற மாத்திரையைத் தின்ன வலிக்குதோ என்று வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். ரெண்டாவது தடவைக்கு அவள் போகவில்லை. அப்போது கடம்பூர் பக்கம் தரிசுக்காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடை என்றால், உரத்துக்காக ஆட்டு மந்தையை ஒவ்வொரு காடாக மடக்கி வைப்பது. கூட்டிப் போக ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். கூட்டிப் போவது என் வேலை. நான் போயிருக்க வேண்டும். வந்தால் வரட்டும், அவளுக்கே இல்லாத அக்கறை எனக்கு என்ன என்று வீம்பாக இருந்துவிட்டேன். புதன்கிழமைகளில் அவள் வருவதும் நின்றது. மாத்திரையை அங்கன்வாடி ராஜமணி கையில் கொடுத்துவிட்டேன். புரட்டாசியில் ஒரு தடவை, தெருவில் மடக்கிப் பிடித்து விரலைக் குத்தினேன். ஆறு புள்ளி எட்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள், தேதி கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அக்கா என்றுகூட அவள் கூப்பிடவில்லை.

நான் கேட்டுச் சொன்ன தேதி ஐப்பசி பன்னிரண்டு. அவளுக்கு வலி கண்டது ஐப்பசி ஒன்பது, விடியக்காலம், நாள் முந்தி. ரெண்டு நாள் மழையில் கரிசல் களியாகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஜெயகிருஷ்ணனும் அவன் பங்காளிகளும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலில் ஒட்டின மண்ணே ஆளுக்கு ரெண்டு கிலோ இருக்கும். நான் வண்டிக்குள் காத்திருந்தேன். போகிற வழியிலேயே பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. அதன் பிறகு ரத்தம் போனது. வேறு ஒருத்தி என்றால் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டிருப்பாள், அவ்வளவுதான் போனது. இவளிடம் கொடுக்க இருப்பு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு வெள்ளையாக, "போட்டேன்க்கா" என்றாள். நான் "சரி சரி, பேசாம இரு" என்றேன். அப்போதும் நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் கை விட்டுப்போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து விசாரணைக் கூட்டம் நடந்தது. தாய் மரணம் என்றால் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து காரணம் எழுத வேண்டும். என் சிவப்பு வரியை வாசித்தார்கள். மாத்திரை உட்கொள்ளவில்லை, சொன்ன சிகிச்சைக்கு வரவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் என்னம்மா செய்வீர்கள் என்று ஒருவர் ஆறுதல்கூடச் சொன்னார். நானும், ஆமாம், நான் என்ன செய்வேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

சித்திரையில் அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பியது. பிரித்திகா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். ஜெயகிருஷ்ணன் முருங்கை நிழலில் ஒரு ஆட்டின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் வழக்கம்போல எனக்கு வரட்டீ கொண்டுவந்து வைத்தாள். தனக்கும் ஒன்று. மடியில் பிள்ளை. டீயில் விரலை முக்கிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது.

"என்ன காரியம் செய்யுதீங்க பெரியம்மா!" என்று கத்திவிட்டேன். "பச்சப்பிள்ளைக்கு டீயைக் குடுப்பாங்களா? டீ இறங்குன வயித்துல இந்த மருந்து ஒட்டவே ஒட்டாது. அப்படியே வெளிய போயிரும். குடுத்தும் குடுக்காத மாதிரிதான்."

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்தான். "ஒட்டாதாக்கா?"

"ஒட்டாதுப்பா. இரும்பு மருந்துக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காப்பி ஆகாது."

"பெரியவியளுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவன் கையிலிருந்த ஆடு காலை உதறிக்கொண்டு ஓடியது. அவன் பிடிக்கவில்லை.

"அவ டீயிலதானக்கா போடுவா. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நர்ஸக்கா சொல்லியிருக்காவன்னு, காலையில டம்ளரை வாங்குன கையோட போடுவா. சாயந்தரமும் அப்படித்தான். கிடையில கெடந்தப்பக்கூட, மாத்திரைக்குன்னு மூணு கல்லைக் கூட்டி வச்சு டீ போட்டுக் குடிப்பா." அவன் குரல் உயரவே இல்லை. "இதை அவகிட்டச் சொன்னீங்களா?"

படித்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் சென்டர் சுவரில் தொங்குகிற தாளில் ஏழாவது வரியாக அச்சடித்திருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை தடவை அந்த டீயை நானே வாங்கிக் குடித்திருக்கிறேன். காலையில் என்ன தின்கிறாய், எதோடு மாத்திரையைப் போடுகிறாய் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அவளைக் கேட்டதில்லை.

"சொல்லல" என்றேன்.

ரெங்கம்மாள் ஒன்றும் புரியாமல் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயகிருஷ்ணன் எழுந்து வீட்டுக்குள் போனான். அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தால்கூட நான் நகர்ந்திருக்க மாட்டேன். அவன் அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"எண்ணிப் பாருங்கக்கா. அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால நீங்க திறக்கவிடலன்னு வந்து அழுதா."

எண்ணினேன். இருபத்தொன்பது அட்டை, நான் கொடுத்தது அத்தனையும். அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தாள். கடைசி அட்டையில் மட்டும் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது.